மேல் பாதி முரளிக்கு

ஆபீஸ் காலி செய்ய என்ன ரேட்டு என்று போனில் கேட்பவர்களைக் கண்டால் தேவயானிக்குப் பற்றிக்கொண்டு வரும். கிலோ என்ன விலை என்று கேட்க அது என்ன தக்காளியா? எத்தனையாவது மாடி, லிஃப்டில் சாமான் ஏற்ற விடுவார்களா, லாரி வாசலில் நிற்குமா தெருமுனையிலேயே நின்றுவிடுமா, மேசையை முழுசாகத் தூக்கலாமா கழற்றித்தான் இறக்க வேண்டுமா, கட்டடக்காரர் கண்ணாடித் தடுப்பையும் பிடுங்கச் சொல்வாரா என்று ஆயிரம் இருக்கிறது. இது செலவுப் பக்கம். வரவுப் பக்கம் வேறு. மூடுகிற ஆபீஸில் விற்கிற மாதிரி சரக்கு கிடக்கும். இரும்பு ரேக், ஏசி, பேட்டரி, ஒயர். அதெல்லாம் காலி செய்கிறவருக்கு. கூலியில் அந்தச் சரக்கின் மதிப்பைக் கழித்தால் நிற்பதுதான் ரேட்டு. சரக்கு கம்மி என்றால் அவர்கள் நமக்குக் கொடுப்பார்கள். சரக்கு அதிகம் என்றால் நாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் காலி செய்ய வேண்டும். இதையெல்லாம் வாய் வலிக்கச் சொல்லி முடித்த பிறகு எதிர்முனையில் இருக்கிற புண்ணியவான், "சரிம்மா, சுமாரா எவ்வளவு?" என்பார்.

ரேணிகுண்டாவில், பட்டறைகள் நெருக்கியடிக்கும் ஒரு தெருவில் அவளுடைய குடோன். வாசலில் 'தேவி ஆபீஸ் ஷிஃப்டிங்' என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் போர்டு. உள்ளே யார் யாரோ உட்கார்ந்து தேய்த்த நாற்காலிகள். லாரி ஓட்டுவது அவள் வீட்டுக்காரர் திருமலை. மற்றதெல்லாம் அவளும் அவள் தம்பி முரளிதரனும்தான். திருப்பதியில் ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தவள் தேவயானி. அந்த ஆபீஸ் ஒருநாள் மூடப்பட்டபோது, பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக இங்கே இருப்பதை நீயே எடுத்துக்கொண்டு இடத்தைக் காலி செய்து கொடு என்று முதலாளி கையை விரித்துவிட்டார். அழுதுகொண்டே ஊருக்குப் போன் செய்தாள். பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த முரளி மண்வெட்டியைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினான். பதினோரு வருஷத்துக்கு முந்தின கதை. அன்றிலிருந்து அவன்தான் அவளுக்கு வலது கை, இடது கை, எல்லாம்.

அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கதை. அவர்கள் நைனா என்று கூப்பிடுகிற அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டு விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம் நடக்கும். அக்காவும் தம்பியும் அதை அப்படியே ஆபீஸ் தொழிலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பார்ட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு நமக்குள் ரேட்டுப் பேச முடியாது. தனியாகப் போய்ப் பேசலாம் என்றால் வாட்ச்மேன் காது, லிஃப்ட்காரன் காது என்று ஊரெல்லாம் காது. அதனால் முரளி தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். அதை இரண்டு கைக்கும் மேலாகப் போட்டுக்கொள்வார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒரு லட்சம், மடக்கினால் அரை, அழுத்திப் பிடித்தால் பத்தாயிரக் கணக்கு. உள்ளங்கையைச் சுரண்டினால் காசு நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர் இதைப் பார்த்துவிட்டு ஏதோ பிரார்த்தனை செய்கிறார்கள் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

ஆபீஸைப் பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. கழுத்துக்குக் கீழே தேவயானி, கழுத்துக்கு மேலே முரளி. மேசை, நாற்காலி, மெஷின், பேட்டரி எல்லாம் அவள் பாதி. முரளி நல்ல உயரம். மேசை மேல் ஏறினால் ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலை போய்விடும். அதனால் ஏசி, விளக்கு, கூரைக்குள் ஓடுகிற குழாய், ஒயர் எல்லாம் அவன் பாதி. முதலில் துண்டுக்குள் அவன் தன் பாதியைச் சொல்வான். அவள் தன் பாதியையும் சேர்த்து முழு ரேட்டைச் சொல்வாள். அவன் பாதியை அவள் திரும்பிப் பார்த்ததில்லை, அவள் பாதியை அவனும் பார்த்ததில்லை. கழுத்து வலிக்காமல் தொழில் செய்கிறேன் என்று தேவயானி பெருமையடித்துக்கொள்வாள்.

அந்தப் பெருமைக்குத்தான் வந்தது கேடு. புத்தூர்க்காரன் யோகேஷ் என்று ஒருவன் ஒரு லாரியை வாங்கிக்கொண்டு இதே தொழிலுக்குள் நுழைந்தான். நுழையட்டும், யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த தொழில் இல்லை. ஆனால் திருப்பதியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை அவளைவிட மயிரிழை குறைத்துக் கேட்டு அவனுக்குப் போயிற்று. அடுத்து ஒரு கோச்சிங் சென்டர், அதுவும் மயிரிழை. மூன்றாவதாக ஒரு ஆஸ்பத்திரி நிர்வாக ஆபீஸ். "ரெண்டாயிரம்தாம்மா வித்தியாசம். நாங்க இன்னா பண்றது" என்று அந்த அம்மாள் போனில் தேவயானியிடம் வருத்தப்பட்டார்.

முரளி குடோனில் ஒரு சுழல் நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "ஏழரை நம்பள புட்சிகினு ஆட்டுதுக்கா."

"போனா போவுது போடா. நீ ஏன் மூஞ்ச தூக்கி வெச்சுகினு இருக்கற. வா, வந்து துன்னு." அவனுக்குப் பிடிக்குமே என்று கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அன்றைக்கு அவனுக்கு அவள்தான் ஆறுதல் சொன்னாள். பின்னால் இதை நினைத்து நினைத்து வயிறு எரிந்தாள்.

சாயங்காலம் லாரியைக் கழுவிக்கொண்டிருந்த திருமலை மெல்ல ஆரம்பித்தார். அவர் அதிகம் பேசாத மனுஷன். பேசினால் வம்பு.

"தேவி, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே."

"நீங்க இப்படி ஆரம்பிக்கறப்பவே கோவம் வருது. கேளுங்க."

"ரேட்ட யார்கிட்டனா சொன்னியா?"

"இல்ல."

"எங்கனா எழுதி வெச்சியா?"

"கவர்ல எழுதனேன், ஒட்டனேன், நானே கொண்டும்போய் குடுத்தேன். இப்ப அதுக்கு இன்னா?"

"அப்ப துண்டுக்குள்ள இருந்தது ரெண்டு கைதான. ஒண்ணு உன்னுது."

அவர் கையிலிருந்த ட்யூபைப் பிடுங்கி வீசினாள். அவர் லுங்கியெல்லாம் நனைந்தது. என் கூடப் பிறந்தவனைப் பற்றி இந்த வாயால் பேசினால் மரியாதை கெட்டுவிடும் என்று தெருவே கேட்கச் சொன்னாள். ராத்திரி அவருக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை. அவரும் கேட்காமல் மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

ஆனால் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி எந்நேரமும் நாக்கு அங்கேயே போயிற்று. வேலை போனால் இன்னொரு வேலை பிடிக்கலாம். திருப்பதியில் தினம் ஒரு ஆபீஸ் திறக்கிறார்கள், ஒரு ஆபீஸ் மூடுகிறார்கள். தம்பி போனால் எங்கே போய்ப் பிடிப்பது? அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்ததே அவன் ஒருத்தன்தான். அவன் இல்லை என்று ருசுவாகிவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம். அந்த யோகேஷ் மந்திரம் போட்டோ மை போட்டோ ரேட்டைக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

அப்போதுதான் சித்தூர் வேலை வந்தது. ஒரு கடன் கம்பெனி தன்னுடைய சித்தூர் ஆபீஸை மூடுகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூன்று மாடி. ஒவ்வொருவரும் வந்து பார்த்துவிட்டு, மறுநாள் ஒட்டின கவரில் ரேட்டுக் கொடுக்க வேண்டும். ஆபீஸ் பொறுப்பு ஹரிப்ரியா என்று ஒரு மேடம். சின்ன வயசு, அளந்துதான் பேசுவார். யோகேஷும் காலையிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்.

வழக்கம் போல முரளி மேலே, தேவயானி கீழே. முரளி மூன்றாவது மாடியில் மேசை மேல் ஏறிக் கூரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும்போது அவள் பேட்டரி ரூமுக்கு வந்தாள். ரேக் ரேக்காக பேட்டரி. ஈயம் மட்டுமே இரண்டு லட்சத்துக்குக் குறையாது. இந்த ஆபீஸுக்கே உயிர் அதில்தான் இருக்கிறது. குனிந்து பார்த்தாள். ரேக்கின் பக்கவாட்டில் தூசிக்குள் ஒரு ஸ்டிக்கர். ஏதோ ஒரு சென்னைக் கம்பெனியின் பெயர்.

"மேடம், இந்த பேட்டரிங்க ஆபீஸோடதுதானா?"

"இல்லம்மா. வாடகைக்கு எடுத்தது. அவங்களே வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார் ஹரிப்ரியா. "கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். இதுவரைக்கும் நீங்க ஒருத்தர்தான் கேட்டிருக்கீங்க."

சத்தியமாக அதுவரைக்கும் தேவயானியின் மனசில் ஒன்றும் இல்லை. அந்த நிமிஷத்தில்தான் அந்தப் புத்தி வந்தது. பேட்டரி இல்லை என்று அவளுக்குத் தெரியும். முரளிக்குத் தெரியாது. பேட்டரியும் நமக்குத்தான் என்று சேர்த்து ஒரு ரேட்டைத் துண்டுக்குள் சொல்லிவிட்டு, கவரில் சரியான ரேட்டை எழுதினால்? முரளி யாரிடமும் சொல்லவில்லை என்றால் ஒரு குடியும் முழுகாது. அடேய், அந்த பேட்டரி வாடகையாம்டா, கடைசி நேரத்தில் மாற்றி எழுதினேன் என்று சொல்லிவிடலாம். சிரித்துவிடுவான். சொன்னால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

முரளி தலையில் ஒட்டடையோடு இறங்கி வந்தான். துண்டைப் போட்டான். முதலில் அவன் பாதி. இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினான். இருபதாயிரம். மூன்று மாடிக்கும் மேலே சேர்த்து அவ்வளவுதான் தேறுமாம். பிறகு அவள் முறை. உள்ளங்கையைச் சுரண்டினாள். ஒரு விரலைப் பிடித்தாள், அடுத்த விரலை மடக்கினாள். நாம் ஒன்றரை லட்சம் கொடுக்கலாம். பேட்டரி இல்லாத நிஜ ரேட்டோ அவர்கள் நமக்கு ஐம்பதாயிரம் கொடுக்க வேண்டியது. பிறந்ததிலிருந்து பிடித்த கை அது. பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போன கை. அதில் பொய் சொல்ல அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. முரளி கொஞ்சமும் யோசிக்காமல் தலையாட்டினான்.

கீழே டீ குடிக்கும்போது அவனாகச் சொன்னான். "மேல ஒண்ணும் இல்லக்கா. ஏசி பைப்பு முச்சூடும் அலுமினியம். கழட்டற கூலிக்கே சரியா பூடும்."

அவள் கேட்டுக்கொண்டாள். அவன் பாதி அவன் பாதிதானே.

கவரை லாரிக்குள் உட்கார்ந்து எழுதினாள். எப்போதும் அவள்தான் எழுதுவாள், முரளி எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். அன்றைக்கும் பார்க்கவில்லை. வழியெல்லாம் வெங்கடேசா, என் தம்பி இல்லைன்னு மட்டும் காட்டு, மலைக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டே வந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. அதைவிட ஒசத்தியாகக் கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு ஹரிப்ரியாவின் அறையில் யோகேஷ் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வாங்கக்கா" என்று எழுந்து நாற்காலி வேறு போட்டான். தேவயானி உட்கார்ந்தாள். முரளி கதவோரம் நின்றான். திருமலை கீழே லாரியில்.

ஹரிப்ரியா முதலில் யோகேஷின் கவரைப் பிரித்தார். படித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். "நீங்க எங்களுக்கு ஒரு லட்சத்து அம்பத்தஞ்சாயிரம் தரீங்களா?"

ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஐந்தாயிரம். நேற்றுத் துண்டுக்குள் அவள் கை சொன்ன ரேட்டுக்கு மேல் ஒரு மயிரிழை. இந்த உலகத்திலேயே இல்லாத ரேட்டு அது. இரண்டு கை தவிர வேறு யாரும் அறியாத ரேட்டு. முடி தப்பித்தது, தம்பி போய்விட்டான்.

ஹரிப்ரியா அவளுடைய கவரையும் பிரித்தார். "நீங்க எங்ககிட்ட அம்பதாயிரம் கேக்கறீங்க." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு யோகேஷிடம் திரும்பினார். "சார், பேட்டரியெல்லாம் எங்களோடது இல்ல. வாடகை. அது இல்லாமதான் இந்த ரேட்டா?"

பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் கேள்வித்தாளைப் படிப்பானா? யோகேஷ் முகம் வெளிறிப் போயிற்று. அந்த நேரத்தில் அவன் ஹரிப்ரியாவைப் பார்த்திருக்கலாம், ரேட்டு எழுதின காகிதத்தைப் பார்த்திருக்கலாம். அவன் திரும்பிக் கதவோரம் நின்ற முரளியைப் பார்த்தான். இப்படி மாட்டிவிட்டாயே என்கிற பார்வை. அதைத் தேவயானி பார்த்தாள். முரளி தரையைப் பார்த்தான்.

யோகேஷ் தன்னால் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். வேலை தேவயானிக்குக் கிடைத்தது. ஹரிப்ரியா சாவிக் கொத்தைக் கொடுத்து, திங்கட்கிழமை ஆரம்பித்துவிடுங்கள் என்றார். தேவயானி தலையாட்டினாள். என்ன சொன்னார் என்று அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. கால் தானாகப் படி இறங்கியது.

லாரி பக்கத்தில் வந்ததும்தான் வாய் திறந்தாள். கத்த வேண்டும் என்றுதான் நினைத்தாள். மெல்லத்தான் கேட்டாள்.

"எப்பலருந்துடா?"

முரளி மழுப்பவில்லை. அந்த மட்டும் பரவாயில்லை. "யோகேஷ் லாரிய வாங்கனதே நானும் அவனும் சேந்துதான்க்கா. பாதி என் ஊட்டுக்காரி பேர்ல இருக்குது."

"எங்கிட்ட கேட்டிருந்தா பாதி குடுத்திருக்க மாட்டனாடா?"

"கேட்டனே. போர்டுல என் பேரையும் போடுக்கான்னு கேட்டேன். அக்கா தம்பிக்குள்ள போர்டு இன்னாத்துக்குடான்னு சிரிச்ச. எம்புள்ளைங்களுக்கு நான் இன்னா வேல செய்றேன்னு சொல்றது? அத்தகிட்ட கூலிக்கு போறேன்னா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. சிரித்தது நிஜம்தான். எல்லாம் அவனுக்கும் சேர்த்துத்தானே என்கிற நினைப்பில் சிரித்தாள். ஆனால் அவன் வயிற்றில் அது எப்படிப் போய் விழுந்தது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

"அதுக்கு மூணு வேலைய வித்துட்டு எங்கூட ஒக்காந்து துன்ன. ஏழரைன்ன. நான் உனுக்கு ஆறுதல் சொன்னேன்டா."

"தப்புதான்." அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது. "ஆனா நீ இன்னா பண்ண? கையில பொய் சொல்லிட்டியேக்கா. நைனா சந்தையில வாயால எத்தினி பேரையோ ஏமாத்தியிருக்காரு. துண்டுக்குள்ள ஒரு நாளும் ஏமாத்தனது இல்ல. நான் ரேட்ட வெளிய சொன்னேன், இல்லன்னு சொல்லல. ஆனா உங்கிட்ட பொய் சொன்னது கெடயாது. என் பாதிய ஒரு நாளும் மாத்தி சொன்னது இல்ல. நீ சொன்ன. உங்கை பொய் சொல்லாதுன்னு நம்பித்தான் அவனுக்கு தைரியம் குடுத்தேன்."

கேட்டீர்களா நியாயத்தை. வீட்டைத் திறந்துவிட்டவன், பூட்டு சரியில்லை என்று வீட்டுக்காரியிடம் கோபித்துக்கொள்கிறான். வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் தேவயானி செருப்பைக் கழற்றியிருப்பாள். இவன் தம்பி. அவன் சொன்னது நேராகப் போய்த் தைத்துவிட்டது. ஆமாம், துண்டுக்குள் பொய் சொன்னது நான்தானே என்று அவளுக்கு அங்கேயே கூனிக் குறுகிப் போயிற்று. கோபத்தில், ஏக்கத்தில் வெளியே போய்ச் சொல்லிவிட்டான். ஆனாலும் என்னை நேருக்கு நேர் ஏமாற்றவில்லை. போர்டில் இரண்டு எழுத்து எழுத எனக்கு என்ன கேடு வந்தது? இப்படித்தான் அக்கா மனசு ஓடுகிறது, பாருங்கள். அடிபட்டவளே அடித்தவனுக்கு வக்கீலாகி வாதாடிக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி. ஊட்டுக்கு போய் பேசிக்கலாம். திங்கக்கெழம எத்தினி ஆளு வேணும்னு ஒருவாட்டி மேல பாத்துட்டு வந்துடறேன்."

"நான் பாத்து சொல்றேன்க்கா" என்றான் முரளி சட்டென்று. "உனுக்கு கழுத்து வலிக்கும்."

அந்த 'கழுத்து வலிக்கும்' என்ற சொல்லில் அவள் அப்படியே கரைந்துவிட்டாள். சாவியை அவன் கையில் கொடுக்கக்கூடப் பார்த்தாள். லாரி கதவைத் திறந்துகொண்டு இறங்கின திருமலைதான் அதை வாங்கிக்கொண்டார். "நானும் தேவியும் போய்ட்டு வரோம். நீ இரு முரளி."

"நீ போய் டீ சொல்லுடா" என்றாள் அவள்.

"சக்கர இல்லாமதான?"

"ஆமா."

லாரிக்குள் இருந்த திருமலைக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கும். மூன்றாவது மாடியில், தெருப் பக்கம் ஜன்னலோரம் ஒரு மேசையை இழுத்துப் போட்டார். தேவயானி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள். உயரம் போதவில்லை. மேசை மேல் ஒரு நாற்காலியைப் போட்டு, திருமலை கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, அதன் மேல் ஏறிச் சீலிங் பலகையைத் தள்ளினாள். பதினோரு வருஷத்தில் அவள் ஒரு கூரைக்குள் தலையை விட்டுப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

உள்ளே ஒரே தூசி. செல்போன் வெளிச்சத்தில் கருப்பு ரப்பர் நுரை சுற்றின குழாய்கள் தெரிந்தன. ஒன்றிரண்டு இல்லை. ஜோடி ஜோடியாக, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வரிசை கட்டி ஓடின. ஆமாம், இதைத்தானே அலுமினியம் என்றான். நுரை ஒரு இடத்தில் ஏற்கனவே கிழிந்திருந்தது. யாரோ விரலை விட்டுக் கிழித்துப் பார்த்திருக்கிறார்கள். கிழிசல் புதுசு. அந்த இடத்தில் தூசி இல்லை, ஐந்து விரல் தடம் மட்டும் இருந்தது.

கிழிசலுக்குள் குழாய் சிவப்பாக இருந்தது.

செம்பு. சின்னக் குழந்தைகூட அலுமினியம் என்று சொல்லாது. புதுத் தவலை மாதிரி பளபளவென்று செம்பு. அவள் பக்கத்துக் குழாயின் நுரையைப் பிய்த்தாள். செம்பு. அதற்கு அடுத்தது, அதுவும் செம்பு. நாற்காலியிலிருந்து இறங்கி, மேசையை அந்தக் கோடிக்கு இழுக்கச் சொல்லி, மறுபடி ஏறி அங்கேயும் பிய்த்தாள். இரண்டாவது மாடிக்கு ஓடினாள். அங்கேயும் அதேதான்.

"அடேங்கப்பா" என்றார் திருமலை. நல்ல மனுஷன், கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். "இதுவே ஒன்றர லட்சம் வரும் போலருக்குதே தேவி. நமக்கு அடிச்சது யோகம்." பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

இத்தனை லாபம் ஒரே வேலையில் அவள் கண்டதில்லை. ஒவ்வொரு குழாயாகப் பிய்க்கப் பிய்க்க அவளுக்குக் கணக்கு புரிந்துகொண்டே வந்தது. அவன் ரேட்டை வெளியே சொன்னது மட்டும் இல்லை. அந்த ரேட்டையே அவன்தான் தப்பாகப் பண்ண வைத்திருக்கிறான். மேலே இருப்பதை மறைத்து அக்காவை மட்டமாகக் கேட்க வைப்பது, அந்த மட்டமான ரேட்டை யோகேஷ் காதில் போடுவது, அவன் ஒரு மயிரிழை மாற்றி எழுதி வேலையைப் பிடிப்பது, பிறகு கூரையைப் பிரித்து இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வது. இன்சூரன்ஸ் ஆபீஸிலும் மேலே அலுமினியம் என்றான். கோச்சிங் சென்டரில் ஒயர் எல்லாம் எலி கடித்தது என்றான். அதற்கு முன்னால்? அவளுக்கே கிடைத்த வேலைகளிலும் மேல் பாதியைக் கழற்றியவன் அவன், கடையில் போட்டு விற்றுவிட்டு வந்தவன் அவன். எந்த வருஷத்திலிருந்து, எந்தக் கூரையிலிருந்து என்று இனிமேல் அவள் யாரைக் கேட்பாள்? போர்டு விஷயத்தில் சிரித்ததற்கு முன்பா, பின்பா? அந்த முதல் பஸ்ஸில் வந்து இறங்கினானே, அந்த முரளியாவது நிஜமா?

என் பாதியை ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை என்று கண்ணைப் பார்த்துச் சொன்னான். கண் சிவக்கச் சொன்னான். அவள் அதற்குக் கரைந்து, தன்னையே திட்டிக்கொண்டு, டீ சொல்லச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதை நினைத்தபோதுதான் தாங்கவில்லை. யாரோ விட்டுவிட்டுப் போன மேசைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நைனா செத்தபோதுகூட அப்படி அழுததில்லை. அன்றைக்கு முரளி பக்கத்தில் இருந்தான்.

திருமலை அவள் தலையைத் தொட்டார்.

"கீழ நின்னுகினு இருக்கறான். டீ வாங்கி வெச்சுகினு" என்றார். "இன்னா சொல்றது?"

அவள் முகத்தைத் துடைத்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். திட்ட வேணாம். மேல இருக்கறது செம்புன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க."

திருமலை இறங்கிப் போனார். தேவயானி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். லாரி பக்கத்தில் முரளி இரண்டு கிளாஸோடு நின்றுகொண்டிருந்தான். ஒன்றை ஆறிவிடாமல் இருக்கப் பேப்பரால் மூடியிருந்தான். திருமலை போய் அவன் முன்னால் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எந்தச் செம்பு என்று முரளி கேட்கவில்லை. மேலே நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. இரண்டு கிளாஸையும் லாரி பம்பர் மேல் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனான்.